திருப்பணி யார் கையில்? டர்பன் கோயில் குழுக்களுக்கு ஓர் ஒப்பீடு

திருப்பணி என்று பேச்சு எடுத்த மறுநாளே வாட்ஸப் குழுவில் படம் வந்து விழுந்துவிடுகிறது. யாரோ ஒரு தம்பி ஏஐ செயலியில் நான்கு வரி தட்டி, டர்பனின் சாட்ஸ்வர்த் மேட்டின் மேல் மதுரைக் கோபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். எல்லாரும் கைகூப்பும் குறி போடுகிறார்கள். எங்கள் குழுவில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோபுரத்துக்கு ஆறு நிலை. ஒற்றைப்படையில் நிலை வைப்பதுதான் வழக்கம். ஆறுமுகனுக்கு ஒரு பக்கம் ஆறு கை, மறுபக்கம் நான்கு. கழிப்பறை எங்கே, சக்கர நாற்காலி எப்படி ஏறும், தீப்பிடித்தால் கூட்டம் எந்தப் பக்கம் வெளியேறும் என்பதெல்லாம் அதில் தேடினாலும் கிடைக்காது. அதற்காகப் படமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கருங்கல்லை அப்படியே விடுவதா, வண்ணம் பூசிய சுதையா என்று நெடுநாளாக இழுத்துக்கொண்டிருந்த சண்டை அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தீர்ந்தது. அந்த அளவுக்கு அது பயன்படும். அதற்கு மேல் போக ஆள் வேண்டும்.

யார் அந்த ஆள்? கையில் இருக்கும் வழிகள் நான்கு. தமிழ்நாட்டிலிருந்து, சாஸ்திரப்படி கோயில் கட்டும் ஸ்தபதியை வரவழைத்து எல்லாவற்றையும் அவரிடம் விடுவது ஒன்று. இங்கே பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டைத் தலைமையாக வைத்து, ஸ்தபதியை அவரோடு சேர்த்துக்கொள்வது இரண்டு. பிளான், அனுமதி, கட்டுமானம் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் டர்ன்கீ பில்டரிடம் சாவியைக் கொடுத்துவிடுவது மூன்று. நான்காவதைக் கூட்டத்தில் எழுந்து சொல்ல ஆளே கிடைப்பதில்லை: இடிக்காமல், இருப்பதைப் பழுதுபார்ப்பது.

ஸ்தபதியிடமே விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மவுண்ட் எட்ஜ்கோம் கரும்புத் தோட்டத்துப் பிள்ளையார் கோயிலை 1898ல் கட்டியவர் கிருஷ்ணப்ப ரெட்டி. அவருக்குப் பின் நேட்டாலில் பல கோயில்களை எழுப்பியவர் கொத்தனார் ராமசாமி பிள்ளை. இவர்கள் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய ஆர்க்கிடெக்டுகள் அல்ல. தென்னாப்பிரிக்காவில் ஆர்க்கிடெக்டுகளுக்கென்று நாடு முழுவதற்குமான சட்டம் வந்ததே 1927ல்தான். செங்கல்லும் சுண்ணாம்பும் கைப்பழக்கமும் வைத்து எழுப்பிய அந்தக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. கர்ப்பகிருகத்தின் அகலத்தை வைத்து அதன் மேல் எழும் விமானத்தின் உயரம், வாசலின் அளவை வைத்து மூலவரின் உயரம், இதற்கெல்லாம் ஆயாதிப் பொருத்தம் என்று ஒரு முழுக் கணக்கு இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் நடக்கும் கல்லூரியில் அதைப் பாடமாகவே சொல்லித்தருகிறார்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வரும் ஆர்க்கிடெக்டுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. தெரியும் என்று அவர் சொன்னால் இன்னும் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

சிக்கல் கர்ப்பகிருகத்துக்கு வெளியே ஆரம்பிக்கிறது. ஸ்தபதியின் வரைபடத்தை நகராட்சிக் கவுன்சிலில் கொடுக்க முடியாது. ஆர்க்கிடெக்சர் தொழிலுக்கான 2000ஆம் ஆண்டின் 44ஆம் எண் சட்டப்படி, சாக்காப் என்கிற தொழில் மன்றத்தில் பதிவு பெறாதவர் அந்தத் தொழிலைச் செய்யக்கூடாது. அப்போது என்ன நடக்கிறது? ஊருக்குள் பிளான் வரையும் ஒருவரைப் பிடிக்கிறோம். அவர் ஸ்தபதியின் தாளைக் கணினியில் பிரதி எடுக்கிறார். அவருக்கே பதிவு இல்லையென்றால், பதிவுள்ள இன்னொருவரின் எண்ணும் கையெழுத்தும் ஒரு தொகைக்கு வருகிறது. கையெழுத்துப் போட்டவர் இடத்தை வந்து பார்த்ததே இல்லை. ரப்பர் ஸ்டாம்ப் என்று இதைத் தொழிலுக்குள்ளேயே சொல்லித் திட்டிக்கொள்கிறார்கள், ஆனாலும் நடக்கிறது.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. சாக்காப் பதிவில் நான்கு படிகள்: ஆர்க்கிடெக்ட், மூத்த டெக்னாலஜிஸ்ட், டெக்னாலஜிஸ்ட், டிராஃப்ட்ஸ்பர்சன். கட்டடம் எவ்வளவு சிக்கலானது, இடம் எவ்வளவு கவனம் வேண்டுவது என்பதைப் பொறுத்து எந்தப் படியில் இருப்பவர் எதைச் செய்யலாம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். உங்கள் மைத்துனர் வீட்டுக்குப் பின்னால் கிரானி ஃபிளாட்டுக்கு அழகாகப் பிளான் போட்டுப் பாஸ் வாங்கித் தந்தவருக்கு, கூட்டம் கூடும் மண்டபத்தை வரையும் உரிமையும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சாக்காப் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்பது வந்துவிடும். கேட்பதற்குக் கூச்சப்படும் குழுக்கள் இதையாவது செய்யலாம்.

கருங்கல்லின் எடையையும் சொல்லவேண்டும். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 டன். அதே அளவு செங்கல் சுவர் 2 டன்னுக்கு உள்ளேதான் வரும். பழைய கோயிலின் அடித்தளத்தின் மேல் கல் விமானத்தை ஏற்றுவதென்றால், மண்ணைத் தோண்டிச் சோதித்து, எக்சா என்கிற எஞ்சினியர்கள் மன்றத்தில் பதிவு பெற்ற ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் கணக்குப் போட்டு, பொறுப்பு என்னுடையது என்று படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் சரிவுகளில் தடுப்புச் சுவர்கள் எப்படிப் படுத்தன என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இனி மண்டபம். கோயிலைப் பற்றிய நம் பேச்செல்லாம் விமானத்தைச் சுற்றியே இருக்கிறது. கட்டட விதிகள் கவலைப்படுவதோ மண்டபத்தைப் பற்றி. எஸ்.ஏ.என்.எஸ். 10400 என்ற தொகுப்பில் வழிபாட்டிடம் ஏ4 என்ற வகையில் வருகிறது. நிலையான இருக்கை இல்லாத இடத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஓர் ஆள் என்பது கணக்கு. நாம் தரையில் உட்காருகிறவர்கள், ஆக 250 சதுர மீட்டர் மண்டபம் என்றால் 250 பேர். வெளிவாசலின் அகலம், கழிப்பறையின் எண்ணிக்கை, தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் அந்த எண்ணிலிருந்து கிளம்பும். சாதாரண வெள்ளிக்கிழமைக்கு 40 பேர்தானே வருகிறார்கள் என்று வாதாடிப் பயனில்லை. காவடி அன்றைக்கு எத்தனை பேர் என்று நமக்கே தெரியும்.

படியேற முடியாதவர்களுக்கான சரிவுப் பாதையும் அப்படித்தான். சரிவு 12க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. அதிட்டானத்தை, அதாவது கோயிலின் அடிப்பீடத்தை, 600 மில்லிமீட்டர் உயர்த்துங்கள் என்று ஸ்தபதி சொல்கிறார்; சாஸ்திரப்படி சரி. அதற்கு 7.2 மீட்டர் நீளத்துக்குச் சரிவுப் பாதை வேண்டும். முன்வாசலிலிருந்து கொடிமரம் வரை அவ்வளவு இடம் இருக்கிறதா? இல்லையென்றால் பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், அது பிரகாரத்தை வெட்டும், பிரதட்சிணம் தடைபடும். இதை முதல் வாரத்தில் தாளில் வரைந்து பார்த்தால் அரை மணி நேர வேலை. கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்தால், தகர ஷீட்டைச் சாய்த்து வைத்து ஆயாவைத் தூக்கிக்கொண்டு ஏறவேண்டியதுதான். இந்தக் காட்சியை ஒன்றுக்கு மேற்பட்ட கோயில்களில் பார்த்திருக்கிறேன்.

டர்ன்கீ பில்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஆள், ஒரே தொகை, ஒரே கைகுலுக்கல். பிரியாணி விற்றும் பலகாரம் விற்றும் சேர்த்த பணத்துக்கு இந்த எளிமை பெரிய ஆறுதல்தான். ஆனால் அங்கே பிளான் வரைபவர் பில்டரிடம் சம்பளம் வாங்குகிறார். கம்பி மெலிந்தாலும் சிமென்ட் குறைந்தாலும் நமக்கு வந்து சொல்ல அங்கே யாரும் இல்லை. கிடங்குக்கும் கடைக்கும் இது நன்றாக வேலை செய்யும். வருகிறவர்கள் எல்லாரும் தன்னார்வலர்களாக இருக்கும் கோயில் குழுவுக்கு, கட்டடம் தெரிந்த ஒருவர் நம் பக்கம் இல்லாமல் இந்த வழியில் இறங்கவேண்டாம் என்பேன். வேலையில் பங்கு கொடு என்று வாசலில் வந்து நிற்கும் பிசினஸ் ஃபோரம் ஆட்களைப் பில்டர் சமாளித்துக்கொள்வார் என்ற வாதமும் வரும். அதை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

அனுமதி இல்லாமலே கட்டிவிடலாம், பிறகு அபராதம் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு குரல் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. அந்தக் குரலுக்குச் சட்டமே கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறது. 103ஆம் எண் கட்டட விதிகள் சட்டம் 1977ஆம் ஆண்டைச் சேர்ந்தது; அனுமதியின்றிக் கட்டினால் நாளொன்றுக்கு 100 ராண்ட் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. இன்றைய விலைவாசியில் அது ஒரு பூமாலைக் காசு. ஆனால் அதே சட்டத்தின் கீழ் இடிக்கும் உத்தரவும் வரும். கென்டன்-ஆன்-சீயில் இருந்த ஒரு பெரிய வீட்டை இடிக்கச் சொன்ன உத்தரவை உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013ல் உறுதி செய்தது. அதே ஆண்டு நவம்பரில் டோங்காட்டில் கட்டிக்கொண்டிருந்த வணிக வளாகம் சரிந்து இருவர் இறந்தார்கள். பிளான் பாஸ் ஆகவில்லை. வேலையை நிறுத்தும்படி கவுன்சில் நீதிமன்ற உத்தரவே வாங்கியிருந்தது. 2025 டிசம்பரில் வெருலம் பக்கம் கட்டுமானத்தில் இருந்த ஒரு கோயிலே இடிந்து விழுந்து உயிர்கள் போயின. அங்கும் அனுமதி பெற்ற பிளான் இல்லை என்றுதான் நகராட்சி சொன்னது. அதற்குப் பிறகும் அபராதக் கணக்குப் போடுகிறவர்களோடு எனக்கு வாதாடத் தெம்பில்லை.

பிளான் பாஸ் ஆகிவிட்டால் எல்லாம் சரி என்றும் ஆகாது. 2024 மே 6ஆம் தேதி ஜார்ஜ் நகரில் இடிந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் 34 பேர் இறந்தார்கள். அதற்கு நகராட்சி அனுமதி இருந்தது. அனுமதி என்பது தாளுக்குக் கிடைப்பது. தாளில் இருப்பதுதான் இடத்தில் எழும்புகிறதா என்று வந்து பார்க்க ஆள் வேண்டும், பார்த்ததற்குப் பொறுப்பு ஏற்கவும் வேண்டும்.

இரண்டாவது வழிக்கு நான் சாய்வது இதனால்தான். ஆர்க்கிடெக்டின் கட்டணத்தைக் கேட்டதும் குழுவில் ஒரே பேச்சுதான்: நாலு தாளுக்கு இவ்வளவா? நாலு தாளுக்கு அவ்வளவு இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வரைவது இப்போது மலிவாகிவிட்டது. ஆர்க்கிகேட், ரெவிட் போன்ற மென்பொருளில் ஒரு முறை மாதிரியை ஏற்றினால் எல்லாப் பக்கத்துத் தோற்றமும் தானாக வந்து விழுகிறது. வண்ணப் படத்தை ஏஐ கொடுத்துவிடுகிறது. தொழிலில் இருக்கும் இளையவர்கள் இதனால்தான் தவிக்கிறார்கள். ஐந்து வருடப் படிப்பு, அதன் மேல் குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி, ஒரு தேர்வு என்று தாண்டி வந்து நிற்கும்போது, படம் போட்டுத் தர ஆயிரம் ராண்ட் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நாம் அவருக்குக் கொடுப்பது அந்தப் படத்துக்கான காசு என்று நினைக்கும்வரை அது அதிகமாகத்தான் தெரியும்.

முழுச் சேவை என்பது ஆறு கட்டம்: தேவையைக் கேட்டு எழுதுவது, கருத்து வடிவம், விரிவான வடிவமைப்பு, ஆவணங்களும் டெண்டரும், கட்டுமான மேற்பார்வை, கணக்கு முடிப்பு. பிளான் பாஸ் ஆனதும் ஆர்க்கிடெக்டுக்கு ஒரு சால்வை போர்த்தி அனுப்பிவிடுவது நம் வழக்கம். ஐந்தாம் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதற்குக் காசு கொடுப்பது, தாலி வாங்கிவிட்டுக் கல்யாணத்தை நிறுத்துவது போல. கட்டுமானத்துக்கான ஜே.பி.சி.சி. மாதிரி ஒப்பந்தத்தில் பிரின்சிபல் ஏஜென்ட் என்று ஓர் இடம் இருக்கிறது. பில்டருக்கு எந்த வேலைக்கு எவ்வளவு பணம் விடலாம் என்று சான்று கொடுப்பவர் அவர். அந்த இடத்தில் நம் ஆர்க்கிடெக்ட் உட்கார்ந்தால், பொருளாளர் அண்ணன் இரவில் நிம்மதியாகத் தூங்கலாம். கட்டணம் மன்றத்தின் வழிகாட்டிப் பட்டியல்தானே தவிரக் கட்டாயம் இல்லை. பேசிக் குறைக்கலாம், குறைப்பதென்றால் வண்ணப் படங்களில் குறையுங்கள், மேற்பார்வையில் வேண்டாம்.

இந்த வழியில் ஒரு குறையும் இருக்கிறது. ஆர்க்கிடெக்ட் தலைமை என்றால் ஸ்தபதிக்கு மனம் சுருங்கும். அவர் அங்கே குரு ஸ்தானத்தில் இருப்பவர். இங்கே வந்து ஓர் இளம்பெண் திருத்தம் சொன்னால் ஏற்பது எளிதல்ல. அந்தப் பெண்ணுக்கும் வீட்டில் ஆயா பேசிய தமிழ் அரைகுறையாக நினைவிருக்கும், அதிட்டானம், பிரஸ்தரம் என்றால் விழிப்பார். இருவருக்கும் நடுவே வேலை எல்லையை முதலிலேயே எழுத்தில் பிரித்துவிடுவது உத்தமம். கர்ப்பகிருகம், அர்த்தமண்டபம், விமானம், சுதை வேலை ஆகியவற்றின் உள் அளவும் வடிவமும் ஸ்தபதி சொன்னபடி. மகாமண்டபம், மடைப்பள்ளி, கழிப்பறை, வாகன நிறுத்தம், சரிவுப் பாதை, மழைநீர் ஆர்க்கிடெக்ட் சொன்னபடி. அடித்தளமும் கம்பியும் எஞ்சினியர் சொன்னபடி, அதில் யாருக்கும் இரண்டாம் பேச்சு இல்லை. குழுக்களில் நடக்கும் சண்டையில் பாதி, ஒரே ஆள் எல்லாவற்றுக்கும் தலைவராக இருக்கவேண்டும் என்ற நினைப்பில் வருவது. கல்லின் கணக்கும் கூட்டத்தின் கணக்கும் வேறு வேறு. இரண்டும் ஒட்டும் இடம் மண்டபத்து வாசல்படி மட்டும்தான்.

சரி, நான்காவது வழிக்கு வருவோம். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்ட நம் மக்கள் 1960களில்தான் சாட்ஸ்வர்த்துக்கு வந்தார்கள். வந்த கையோடு எழுப்பிய சிறு கோயில்களுக்கு இப்போது வயது 60ஐத் தொடுகிறது அல்லது தாண்டிவிட்டது. 1999ஆம் ஆண்டு தேசிய மரபுச் சொத்துச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் மரபுத் துறையின் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. நம் மாகாணத்தில் அது அமஃபா என்கிற மரபு நிறுவனத்தின் வேலை. கரும்புத் தோட்டக் காலத்துக் கோயில்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்த விதி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நம் மாரியம்மன் கோயிலுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. டர்ன்கீ பில்டர் பெரும்பாலும் இதைச் சொல்லமாட்டார், ஸ்தபதிக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

விதிக்குப் பயந்து மட்டும் இந்த வழியைச் சொல்லவில்லை. உம்பிலோ ஆற்றங்கரையில் 1875ல் எழுந்த அம்பலவாணர் கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோனது. பிறகு 1947ல் கேட்டோ மேனரில் பெல்லேர் சாலையில் புதிதாகக் கட்டியபோது, மீட்டு வைத்திருந்த பழைய கதவுகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். கையில் அதிகம் இல்லாத காலத்திலும் எதைக் காப்பாற்றவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று திருப்பணி என்ற பேரில், நாட்டுச் சிற்பி கையால் பிடித்த பழைய சுதைப் பொம்மைகளை உடைத்துப் போட்டுவிட்டு அச்சில் வார்த்ததை ஒட்டுகிறோம்.

பழுதுபார்ப்பில் செலவு குறையும் என்று நான் உறுதி கூறமாட்டேன். சுண்ணாம்புச் சாந்து தெரிந்த கொத்தனார் கிடைப்பது கடினம். மென்மையான பழைய செங்கல்லின் மேல் கெட்டியான சிமென்ட் பூசி, அதன் மேல் வருடாவருடம் எனாமல் பெயிண்ட் அடித்துவந்தால், உள்ளே போன ஈரம் வெளியே வரமுடியாமல் சுவரைத் தின்னும். கடற்காற்றில் சுதைக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கை விரல்களும் ஆயுதங்களும் முதலில் உதிரும். இதற்கு மரபுக் கட்டட அனுபவமுள்ள ஆர்க்கிடெக்ட் வேண்டும், சாதாரண ஆள் போதாது. ஆனால் வேலையைத் துண்டு துண்டாகச் செய்யலாம்: இந்த வருடம் கூரை, அடுத்த வருடம் விமானம். பணம் சேரச் சேர நடக்கும். பாலாலயம் எடுத்துவிட்டுப் பணம் தீர்ந்து, அம்மன் ஆண்டுக்கணக்கில் தகரக் கொட்டகையில் இருக்கும் நிலைமை வராது. எனக்கு இது பெரிய காரணம்.

ஆக என் தேர்வு இப்படி. கோயில் 60ஐத் தாண்டியிருந்து, கர்ப்பகிருகம் உறுதியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். பழுதுபார்த்து, பக்கத்தில் புது மண்டபத்தை ஆர்க்கிடெக்டிடம் கொடுங்கள். சுவரே சாய்ந்துவிட்டது என்று எஞ்சினியர் எழுதிக்கொடுத்தாலோ, வெறும் நிலத்தில் புதிதாகத் தொடங்கினாலோ, ஆர்க்கிடெக்டும் ஸ்தபதியும் சேர்ந்த இரண்டாம் வழி. மண்டபம் சிறியது, இடம் சமதளம், மரபுச் சிக்கல் இல்லை என்றால் ஆர்க்கிடெக்டுக்குப் பதிலாக மூத்த டெக்னாலஜிஸ்டே போதுமா என்று விசாரிக்கலாம். கட்டணத்தில் வித்தியாசம் தெரியும். கார் நிறுத்தும் திறந்த கொட்டகை மட்டும் என்றால் 40 சதுர மீட்டர் வரை சிறு வேலையாகக் கொள்வார்கள், அதற்கு யாரையும் இந்தியாவிலிருந்து அழைக்கவேண்டாம்.

வெளியிலிருந்து யாரை வைத்தாலும் குழுவின் தலையில் இருப்பது இறங்காது. 2014ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகளில் கிளையன்ட் என்று சொல்லப்படுவது நாம்தான். பாதுகாப்பு அபாயங்களை முன்கூட்டி எழுதிக்கொடுக்கும் கடமை கிளையன்டுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சேவைக்கு வரும் பையன்களைச் சாரத்தில் ஏற்றுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

கும்பாபிஷேகத் தேதி குறிப்பதில் மட்டும் ஒரு சொல். ஜோசியர் நாள் குறித்த பிறகு கவுன்சிலுக்குப் போகும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட பிளானுக்கு 30 நாளிலும், அதைவிடப் பெரியதற்கு 60 நாளிலும் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம். திருத்தம் கேட்டுத் தாள் திரும்பி வந்தால் அந்தக் கணக்கு நமக்கு உதவாது. அமஃபா அனுமதி அதற்கும் முன்னால் வாங்கவேண்டியது. அனுமதி கிடைத்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதியாகும். கட்டி முடித்ததும் கட்டடத்தைப் பயன்படுத்தலாம் என்ற சான்று கையில் வராமல் மண்டபத்தில் கூட்டம் சேர்க்கக்கூடாது. சான்று தாமதமாகி முகூர்த்தம் நெருங்கிவிட்டால், கட்டட விதிகள் சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் எழுத்து மூலம் தற்காலிக அனுமதி கேட்க வழி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தை அழைப்புப் பத்திரிகை அச்சடிக்கும் முன்பே கொடுங்கள்.